விசாரித்தால் சொல்ல ஓர் ஆள்

மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பிறந்ததிலிருந்து செய்த வேலையை எல்லாம் தோண்டி எடுத்து எழுதுகிற வியாதி. பக்கத்து வீட்டு நாயைக் குளிப்பாட்டியதுகூட அங்கே சமூக சேவை ஆகிவிடும். எழுத இடமும் தாராளமாக விட்டிருப்பார்கள். என்ன வேலை, எந்த ஊர், மொத்தம் எத்தனை மணி நேரம், அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். எழுதினால் மட்டும் போதாது. கடைசியில் ஒரு கட்டம் வரும். நீ சொல்வது நிஜம்தானா என்று விசாரித்தால் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அவர் பெயர், பதவி, தொலைபேசி எண். டாக்டர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. சித்தப்பா கண் டாக்டர், சித்தப்பாவோடு கோல்ஃப் ஆடுகிறவர் ஆராய்ச்சிக்கூடத் தலைவர். யாரைப் போடுவது என்பதுதான் அவர்களுக்குக் கவலை. நொயெமி பார்ரியெந்தோஸ் அந்தக் கட்டத்தின் முன்னால் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தாள்.

அவளிடம் சொல்ல ஆள் இல்லாத வேலை ஒன்றே ஒன்றுதான். கிளினிக்கில் டாக்டர் பேசப் பேசக் குறிப்பெடுக்கிற வேலைக்கு ஆள் இருந்தார். ஆஸ்பத்திரியில் ஸ்பானிஷ் மொழிபெயர்த்ததற்கு ஆள் இருந்தார். ஆனால் அவளை டாக்டருக்குப் படிக்கத் தூண்டியது அந்த இரண்டும் அல்ல. மாட்டிறைச்சி ஆலையில் துப்புரவு வேலை பார்த்த இரண்டு வருஷம்தான்.

நெப்ராஸ்காவில் அந்த ஊரில் ஆலையைத் தவிர வேறு பிழைப்பு கிடையாது. பகலில் மாடு வெட்டுவார்கள். வெட்டி முடிந்ததும் துப்புரவுக் கூட்டம் உள்ளே போய்க் கொதிக்கிற தண்ணீரையும் தோலைத் தின்கிற மருந்தையும் பீய்ச்சி, ரத்தத்தையும் கொழுப்பையும் கழுவிவிடும். பதினெட்டு வயது ஆகாதவர்களை அந்த வேலைக்கு எடுக்கக் கூடாது என்று சட்டம். சட்டம் யாருக்குத் தெரியாது? ஆனால் நொயெமிக்குப் பதினைந்து வயதானபோது அவள் அப்பா அதே ஆலையில் முதுகு உடைந்து படுத்துவிட்டார். அம்மா அம்பாரோவால் அவரை விட்டு நகர முடியவில்லை. அடுப்பு எரிய வேண்டுமே. அம்பாரோ போய்த் தன் கொம்பாத்ரேயிடம் அழுதாள்.

கொம்பாத்ரே என்றால் அவர்களுக்குள் பெரிய உறவு. எவுலாலியோ, ஊரார் வாயில் லாலோ, நொயெமியின் ஞானத்தகப்பன், அவள் வாயில் பத்ரீனோ. குவாத்தமாலா மலையில் பக்கத்துப் பக்கத்துக் கிராமம். நொயெமிக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது அவளைக் கையில் ஏந்தி நின்றவர். அம்பாரோ அழுத அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, துப்புரவுக் கூட்டத்துக்கு மேஸ்திரி அவர்தான். முதலில் முடியாது என்றார். அம்பாரோ விடவில்லை. கடைசியில் எங்கேயோ போய் யாரிடமோ சொல்லி யாதிரா மோந்தெஸ் என்று பெயர் போட்ட ஓர் அடையாள அட்டையை வாங்கிவந்தார். அதில் வயது பத்தொன்பது. நொயெமி இரண்டு வருஷம் யாதிராவாக இருந்தாள். பள்ளிக்கூடத்தில் மட்டும் நொயெமி. அங்கேயும் பாதி நேரம் மேஜைமேல் தலைவைத்துத் தூங்கிய நொயெமி.

அந்த யாதிரா நாட்களில்தான் டெல்ஃபினா என்பவள் கைமேல் மருந்துக் குழாய் வெடித்தது. டெல்ஃபினா அலறினாள், சுற்றி நின்றவர்கள் துணியால் துடைக்கப் போனார்கள். நொயெமி துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவள் கையைக் குழாயடியில் இழுத்துப் பிடித்துத் தண்ணீர் விட்டாள். அவள் திமிறத் திமிற விட்டுக்கொண்டே இருந்தாள். லாலோ இருவரையும் வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். அங்கே இருந்த டாக்டரம்மா கையைப் பார்த்துவிட்டு, இதைக் கழுவியது யார், உன் பெயர் என்ன என்று கேட்டாள். யாதிரா என்றாள் நொயெமி. இந்தக் கை இன்னும் இவளுக்கு இருக்கிறதென்றால் அது உன்னால்தான் யாதிரா என்று டாக்டரம்மா சொன்னாள். வாழ்க்கையிலேயே கிடைத்த பெரிய பாராட்டு, அதுவும் இன்னொருத்தி பெயருக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் கேட்ட காது நொயெமியுடையதுதானே. அன்றைக்குப் பிடித்த ஆசை பிறகு விடவே இல்லை.

கல்லூரியில் மருத்துவப் படிப்புக்குப் போகிறவர்களுக்கு வழிகாட்ட கோரின் என்று ஓர் அம்மாள் இருந்தாள். நல்ல மனுஷி. நொயெமி எழுதிவந்த வரைவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். மற்றதெல்லாம் எல்லாரும் எழுதுவது, இதுதான் நீ, உன் கட்டுரை முழுக்க இதைப் பற்றித்தான் இருக்க வேண்டும் என்றாள். விசாரிக்க யார் பெயரைப் போடுவது என்று நொயெமி இழுத்தாள். உன் மேற்பார்வையாளர் இன்னும் அங்கே இருக்கிறாரா, அப்படியென்றால் அவரைப் போடு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றாள் கோரின். யாதிராவைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லாமல் விடுவது பாவமா என்று பாதிரியாரைத்தான் கேட்க வேண்டும். நொயெமி அவரையும் கேட்கவில்லை.

லாலோவைக் கேட்டாள். சனிக்கிழமைதோறும் அம்பாரோ மக்காச்சோள மாவை வாழையிலையில் கட்டித் தமால் அவிப்பாள். லாலோவும் அவர் பெண்டாட்டி சாயோவும் வந்து சாப்பிட்டுப் போவார்கள். அன்றைக்கு விஷயத்தைச் சொன்னதும் லாலோவின் கை வாய்க்குப் போகாமல் நின்றது.

"டாக்டருங்க என்னையவா கேப்பாங்க?"

"கேட்டாலும் கேப்பாங்க, பத்ரீனோ."

"கேட்டா எந்தப் பேரச் சொல்ல?"

"என் பேரத்தான். உங்ககிட்ட வேலை பாத்தேன்னு சொன்னாப் போதும். உங்களுக்குச் சங்கடம்னா வேண்டாம், அத எழுதாம விட்டுடறேன்."

லாலோ கையிலிருந்ததை இலையில் வைத்தார். காலேஜ்காரன் எதற்காக ஆலைக்காரனிடம் போய்ச் சொல்லப் போகிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார்.

"எழுது கண்ணு. என் பேர முழுசா எழுது. எங்கப்பா பேரும் சேத்து எழுது."

அதிலிருந்து மனுஷனைப் பிடிக்க முடியவில்லை. அழைப்பு ஆங்கிலத்தில் வரும் என்பதால் நொயெமியிடம் மூன்று வாக்கியம் எழுதி வாங்கிக்கொண்டார். வண்டி ஓட்டும்போதெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்தார். 'இந்தப் பெண் என்னிடம் இரண்டு ஆண்டுகள் பணிபுரிந்தாள். ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. இவளை நான் முழுமனதுடன் பரிந்துரைக்கிறேன்.' பரிந்துரைக்கிறேன் என்பதற்கான ஆங்கிலச் சொல் மட்டும் ரொம்ப நாள் நாக்கில் இடறியது. அதையும் பழக்கிவிட்டார். காலையில் முகச்சவரம் வேறு. போனில் முகம் தெரியாது என்று சாயோ சிரித்தால், குரலில் தெரியும் என்பார். இலையுதிர்காலம் போயிற்று, பனி வந்தது, அழைப்பு வரவில்லை.

பிப்ரவரியில் இடம் கிடைத்தது. அடுத்த மாநிலத்து மருத்துவக் கல்லூரி, உதவித்தொகையோடு. நேர்காணலில் எல்லாரும் டெல்ஃபினாவின் கையைப் பற்றியே கேட்டார்களாம். அம்பாரோ, இடையில் இறந்துபோன புருஷனின் படத்துக்கு முன்னால் போய் நின்று அழுதாள். லாலோ பாட்டுக்காரர்களைக் கூட்டிவந்து தெருவையே எழுப்பிவிட்டார். ஆனாலும் அவருக்குள் ஒரு சின்ன வருத்தம் இருந்தது.

"என்னைய ஒரு வார்த்தை கேக்காமலே எடுத்துட்டாங்களே?"

கேட்காமலே எடுத்தார்கள் என்றால் உன் பேச்சு தேவைப்படாத அளவுக்குப் பெண் கெட்டிக்காரி என்று அர்த்தம் என்றாள் சாயோ. லாலோவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அந்தக் கதை அத்தோடு முடிந்தது என்று வைத்துவிட்டார்.

வசந்தத்தில் வேறு கதை ஆரம்பித்தது. இன்னொரு ஊர் ஆலையில் தொழிலாளர் துறை அதிகாரிகள் திடீரென்று நுழைந்து, துப்புரவுக் கூட்டத்தில் சிறு பிள்ளைகளைப் பிடித்தார்கள். பத்திரிகையில் படத்தோடு வந்தது. அங்கிருந்த மேஸ்திரிக்கு விலங்கு. அவனிடம் இருந்ததும் லாலோவைப்போல் நிரந்தரமாகத் தங்குகிற அட்டைதான், குடியுரிமை அல்ல. சிறைவாசம் முடிந்ததும் ஊருக்கு ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்று பேசிக்கொண்டார்கள். இந்த ஆலையின் வக்கீலும் வந்து மேஸ்திரிகளை உட்காரவைத்து, பழைய ஆட்களைப் பற்றி வெளியார் யார் கேட்டாலும் வாய் திறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். அதைச் சொல்ல வக்கீல் எதற்கு? அந்த ஊரில் ஜபம் சொல்லப் பழகுவதற்கு முன்பே பிள்ளைகள் பழகுகிற பாடம் அது. தெரியாத குரல் ஆங்கிலத்தில் ஓர் ஆளின் முழுப் பெயரைச் சொல்லிக் கேட்டால், அப்படி ஒருத்தரைத் தெரியாது. அம்மாவைக் கேட்டாலும் தெரியாது. லாலோ அந்த ஒரு பதிலால் எத்தனை குடும்பத்தைக் காப்பாற்றியிருப்பார் என்று கணக்கில்லை.

இந்த நேரத்தில்தான் மருத்துவக் கல்லூரியிலிருந்து நொயெமிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. சேருகிறவர்களின் பின்னணியைச் சரிபார்க்கும் வேலையை வெளிநிறுவனம் ஒன்றிடம் கொடுத்திருக்கிறோம், சம்மதமா என்று கேட்டிருந்தார்கள். எல்லாருக்கும் அனுப்புவது. போலீஸ் வழக்கு இருக்கிறதா என்று பார்ப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்து அவள் சம்மதம் என்று அழுத்தினாள். அன்றைக்கு அவளுக்கு விடுதி அறை பற்றிய யோசனை. லாலோவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

ஜூனில் ஒரு சனிக்கிழமை. லாலோ வந்து உட்கார்ந்ததுமே முகத்தில் ஒரு களை. சாயோவுக்கு முட்டி வலி என்று அவர் மட்டும்தான் வந்திருந்தார். அம்பாரோ தட்டில் தமாலைப் பிரித்து வைத்தாள். அவர் அதைத் தொடாமல் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"கொமாத்ரே, உங்க பொண்ண நான் காப்பாத்திட்டேன்," என்றார் அம்பாரோவிடம்.

"என்னத்துலேருந்து?"

"வந்துட்டானுங்க. அவ பேரச் சொல்லியே கேட்டான்."

செவ்வாய்க்கிழமை போன் வந்ததாம். வெளிமாநில எண். ஆம்பளைக் குரல், மரியாதையான குரல், அதுதான் ஆபத்தானது என்றார் லாலோ. எதையோ சரிபார்க்கும் அலுவலகம் என்று சொன்னானாம். நொயெமி பார்ரியெந்தோஸ் என்று முழுப் பெயரையும் சொல்லி, இன்ன வருஷத்திலிருந்து இன்ன வருஷம்வரை ஆலைத் துப்புரவில் உங்களுக்குக் கீழே வேலை பார்த்தாளா என்று கேட்டானாம். வருஷம்கூடச் சரியாகச் சொன்னானாம். எவனோ காட்டிக்கொடுத்திருக்கிறான் என்று லாலோவுக்கு அப்போதே தெரிந்துவிட்டதாம்.

நொயெமி அடுப்படியில் நின்றிருந்தாள். கை துடைத்த துணியைக் கீழே வைக்கவில்லை.

"நீங்க என்ன சொன்னீங்க, பத்ரீனோ?"

"என்ன சொல்லுவேன்? வாத்தியாரம்மா நீ சொல்லிக்குடுத்த இங்கிலீஷ் இருக்கே. தடங்கலில்லாம சொன்னேன். 'இந்தப் பெண் என்னிடம் ஒருநாளும் பணிபுரிந்ததில்லை. இவளை நான் அறியேன்.' அவன் திருப்பித் திருப்பிக் கேட்டான், நிச்சயமான்னு. 'முழுமனதுடன்' அப்படின்னேன்."

அம்பாரோ சிரித்தாள். சிரித்துக்கொண்டே மகளைப் பார்த்தவள் நிறுத்திவிட்டாள். லாலோ போனை எடுத்து எண்ணைக் காட்டினார். இந்த எண்ணிலிருந்து வந்தால் எடுக்காதே கண்ணு, நல்ல காலேஜுக்குப் போகிற நேரத்தில் உனக்கு இந்தப் பீடையெல்லாம் வேண்டாம் என்றார். நொயெமி எண்ணைப் பார்த்தாள். கல்லூரி இருக்கிற ஊரின் எண் அல்ல. ஆனால் சரிபார்க்கும் அலுவலகம் என்று கேட்டபோதே, தான் சம்மதம் என்று அழுத்திய மின்னஞ்சல் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தட்டை எடுத்துச் சுவரில் அடித்திருப்பாள். இந்த மனுஷனின் சவரம் செய்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. நீங்கள் காத்திருந்த அழைப்பு அதுதான் என்று நாக்குநுனி வரை வந்தது.

"நல்லவேளை பத்ரீனோ," என்றாள்.

அவர் திருப்தியாகச் சாப்பிட்டார். இரண்டாவது தமாலும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

கல்லூரியின் கடிதம் அடுத்த வாரம் வந்தது. விண்ணப்பத்தில் நீங்கள் மிக முக்கியமானது என்று குறித்திருந்த வேலையை, நீங்களே குறிப்பிட்ட நபர் மறுத்திருக்கிறார். ஆலை அலுவலகத்திலும் உங்கள் பெயரில் யாரும் வேலை பார்த்ததாகப் பதிவு இல்லை. சம்பளச் சீட்டு, வரிக் காகிதம், வேறு சாட்சி எது இருந்தாலும் மாதக் கடைசிக்குள் அனுப்பி விளக்கம் தரவும். இல்லாவிட்டால் இடம் ரத்தாகும், காரணம் பொதுவிண்ணப்ப அலுவலகத்துக்கும் தெரிவிக்கப்படும். அப்படித் தெரிவித்துவிட்டால் நாட்டில் எந்தக் கல்லூரியில் போட்டாலும் முதலில் அதுதான் தெரியும். உண்மையைச் சொன்ன ஒரே இடத்துக்காகப் பொய்க்காரி என்று முத்திரை விழும்.

சம்பளச் சீட்டு இருந்தது. ஒரு பெட்டி நிறைய இருந்தது. எல்லாம் யாதிரா மோந்தெஸ் பெயரில்.

நொயெமி கோரினிடம் ஓடினாள். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னாள், யாதிராவையும் சேர்த்து. கோரின் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். பிறகு அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தால், கிணறு வெட்டத் தண்ணீரே வந்துவிட்டது என்று நினைத்திருப்பாள் போலிருந்தது. நீ அப்போது குழந்தை, சட்டம் உன் பக்கம், உன்மேல் ஒரு தப்பும் இல்லை என்றாள். நடந்ததை அப்படியே எழுது, சீட்டுகளை இணைத்துவிடு, கல்லூரி உன்னைக் கைவிடாது, நான் பேசுகிறேன் என்றாள்.

"அட்டைய வாங்கிக் குடுத்தது யாரு, வேலைக்குச் சேத்துக்கிட்டது யாருன்னு எழுதணுமா?"

"எழுதித்தான் ஆகணும். அத விட்டுட்டா விளக்கம் பாதியில நிக்கும். அந்த ஆளுதான உன்னைத் தெரியாதுன்னவரு."

"எழுதினா அவருக்கு என்ன ஆகும்?"

கோரின் ஜன்னலைப் பார்த்தாள். பிள்ளைகளைப் பற்றிய விஷயம் என்பதால் கல்லூரி அதைத் தனக்குள் வைத்துக்கொள்ள முடியாது, அதிகாரிகளுக்குச் சொல்லவேண்டியிருக்கும் என்றாள். அது உன் பொறுப்பு இல்லை என்றும் சொன்னாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கோரினைத் தொட்டிலில் கிடத்தியதிலிருந்து இன்றுவரை, அவளுக்காக எவரும் பொய் சொல்லவேண்டி வந்ததில்லை, அவ்வளவுதான்.

நொயெமி எழுதினாள். எழுதவில்லை என்று நான் சொன்னால் அவளைத் தேவதையாக்கின குற்றம் எனக்கு வரும். வீட்டில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எவுலாலியோ என்று முழுப் பெயரும், அவர் அப்பா பெயரும் சேர்த்து எழுதினாள். எட்டு வருஷம் படித்தது, பனியில் பஸ்ஸுக்கு நின்றது, எல்லாம் ஒரு கிழவனின் முட்டாள்தனத்துக்குப் பலியா? அவர் ஒருத்தர் ஊருக்குப் போனால் என்ன, அங்கே அவருக்கு வீடு இல்லையா, நிலம் இல்லையா? இப்படியெல்லாம் நினைத்தாள். நினைக்க நினைக்க அவர்மேல் வெறுப்பு ஊறிக்கொண்டே வந்தது. வெறுப்பது சுலபமாக இருந்தது. அவர் சனிக்கிழமை வந்தபோது தலைவலி என்று அறையிலேயே இருந்துவிட்டாள்.

அம்பாரோவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் கொம்பாத்ரேயின் பெயரைப் படிக்கத் தெரியும். மேஜைமேல் இருந்த காகிதத்தைக் கையில் எடுத்தவள், அது என்ன என்று கேட்டு முழுக்கத் தெரிந்துகொண்டாள். மகள் எதிர்பார்த்தது திட்டு. திட்டியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

"அனுப்பு," என்றாள் அம்பாரோ. "உன் படிப்பு போகக் கூடாது. அனுப்பிடு."

"அவரு ஜெயிலுக்குப் போவாரும்மா."

"போவான். எனக்குத் தெரியும். ஆனா ஒண்ணு சேத்து எழுது. அவன் முடியாதுன்னான். மூணு நாளு முடியாதுன்னே சொன்னான். நான் அவன் வாசல்ல மண்டி போட்டேன். அதையும் எழுது. என் பேரையும் எழுது. அவன் தனியாப் போகக் கூடாது."

அவள் பேனாவை எடுத்து மகளிடம் நீட்டினாள். மகளுடைய படிப்புக்காகத் தன்னையும் சேர்த்துக் கொடுக்கத் தயாராக நின்றாள், அதில் நடிப்பு துளியும் இல்லை. நொயெமிக்கு அப்போதுதான் விளங்கியது, இந்தக் கடிதத்தை அனுப்பினால் அதில் யார் யார் பெயர் இருக்கும் என்று. டாக்டராகி வெள்ளைக் கோட்டுப் போட்டு நிற்கிறபோது பார்க்க யார் இருப்பார்கள்? அவள் காகிதத்தை அம்மா கையிலிருந்து வாங்கி நாலாகக் கிழித்தாள். அம்பாரோ தடுக்கப் பார்த்தாள். இரண்டு பேரும் அந்தக் காகிதத்துக்காக மல்லுக்கட்டி, கடைசியில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதார்கள்.

மாதக் கடைசியில் கல்லூரிக்கு ஒரு வரி எழுதினாள். என்னிடம் சாட்சி ஏதும் இல்லை. அவர்களும் சொன்னபடியே செய்தார்கள். கோரின் பலமுறை கூப்பிட்டாள், பிறகு விட்டுவிட்டாள். கிளினிக்கில் நொயெமி வேலையை விடப்போவதாகச் சொல்லியிருந்தாள். திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டபோது, ஏன் என்று கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். டாக்டர் பேசப் பேச அவள் குறிப்பெடுத்தாள். நோயாளிகள் உள்ளே வரும்போது அவளைப் பார்ப்பதில்லை, டாக்டரைத்தான் பார்ப்பார்கள். முன்பு அது அவளுக்கு உறுத்தியதில்லை.

லாலோவுக்குச் சொல்லாமல் எத்தனை நாள் இருக்க முடியும்? ஆகஸ்ட் பிறந்தது. அவர் தன் வண்டியிலேயே பெட்டிகளை ஏற்றிக் கல்லூரிவரை கொண்டுபோய் விடுவதாகச் சொல்லி, டயர்கூட மாற்றிவிட்டார். அந்தச் சனிக்கிழமை சாயோவும் கூட வந்திருந்தாள். எல்லாரும் உட்கார்ந்த பிறகு நொயெமி சொன்னாள். இடம் இல்லை என்றாகிவிட்டது, கல்லூரியில் ஏதோ குறைத்துவிட்டார்கள், என்னைப்போல் இன்னும் சிலருக்கும் இப்படித்தான். யோசித்து வைத்திருந்த பொய். நன்றாகவே வந்தது.

சாயோ மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். லாலோவின் முகம் மெதுவாகச் சிவந்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். அம்பாரோ தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னைய ஒரு தடவ கேட்டாங்களா? ஒரு தடவ? பேர் எழுதச் சொல்லி வாங்கி வச்சாங்கல்ல, நம்பர் வாங்கி வச்சாங்கல்ல. கூப்பிட்டுக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்ல?"

அவர் குரல் உடைந்துவிட்டது. சாயோ கையைப் பிடித்து உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. நின்றபடியே, சமையலறைச் சுவரைப் பார்த்து, இத்தனை நாள் பழக்கிவைத்திருந்ததை ஆங்கிலத்தில் சொன்னார். இந்தப் பெண் என்னிடம் இரண்டு ஆண்டுகள் பணிபுரிந்தாள். ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. இவளை நான் முழுமனதுடன் பரிந்துரைக்கிறேன். ஓர் இடத்திலும் இடறவில்லை.

"கேட்டிருக்கணும், பத்ரீனோ," என்றாள் நொயெமி.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. நம்பரக் குடு கண்ணு, நானே கூப்பிட்டுப் பேசறேன். எனக்கு என்ன பயம்?"

அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் சொல்லப்போகும் எண்ணுக்காகக் காத்து நின்றார். அவர் கையிலிருந்த அந்தப் போனிலேயே, ஜூன் மாதத்து அழைப்புகளுக்கு நடுவில், அவளைப் பற்றி விசாரித்த எண் இருந்தது.

தன்னிடம் எண் இல்லை என்றாள் நொயெமி.